சிஸ்டம் தானாக அணைகிறதா? மதர்போர்டைச் சந்தேகிக்கும் முன் சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

“நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, திடீர்னு ஆஃப் ஆயிடுச்சு.” சர்வீஸுக்கு வரும் டெஸ்க்டாப்புகளோடு கூடவே வரும் வாக்கியம் இது. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எந்த நேரத்தில் அணைந்தது, அணைந்த விதம் எப்படி, மறுபடி ஆன் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது என்று மூன்றையும் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. கேட்காமலேயே “போர்டு போச்சு சார்” என்று ஆரம்பிக்கும் கடையில் போர்டுக்கு முன்னால் உங்கள் பணம் போய்விடும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், காசு கேட்கும் சாமான் கடைசியில். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் கழற்றும் முன்

தூங்கிப் போவது, ஒழுங்காக ஷட் டவுன் ஆவது, பட்டென்று கரண்ட் நின்று அணைவது. இந்த மூன்றும் பார்ப்பவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

கேபினெட்டின் பவர் லைட் விட்டு விட்டு எரிகிறது, கீபோர்டைத் தட்டினால் விட்ட இடத்திலேயே எல்லாம் திறந்திருக்கிறது என்றால் அது வெறும் ஸ்லீப். செட்டிங்ஸில் பவர் பகுதிக்குப் போய் ஸ்லீப் நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள், அவ்வளவுதான். ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, திரை மட்டும் இருண்டால் அது மானிட்டர், கேபிள், கிராஃபிக்ஸ் கார்டு சமாச்சாரம். இங்கே பேசப்போவது அதில்லை.

அடுத்து, விண்டோஸே எழுதி வைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். ஸ்டார்ட்டில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழே ‘சிஸ்டம்’ என்பதை அழுத்துங்கள். அணைந்த நேரத்தை ஒட்டி என்ன எண் இருக்கிறது என்று தேடுங்கள்.

1074 என்று இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் சொல்லித்தான் ஷட் டவுன் ஆகியிருக்கிறது. எந்தப் புரோகிராம் என்ற பெயரும் அந்த வரியிலேயே இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ நேரத்தை மாற்றினால் வேலை நேரத்தில் அது தலை காட்டாது. தெரியாத புரோகிராமின் பெயர் இருந்தால் ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓட்டுங்கள்.

41, ‘கெர்னல்-பவர்’ என்று இருந்தால் சிஸ்டம் ஒழுங்காக மூடப்படவில்லை என்று பொருள். அதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. ‘41 வந்திருக்கு, அப்போ எஸ்எம்பிஎஸ் மாத்தணும்’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. (எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் கரண்டை போர்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி.) அந்த வரியின் ‘டீடெய்ல்ஸ்’ தாவலில் ‘பக்செக்கோட்’ என்று ஒன்று இருக்கும். அது 0 என்றால் கரண்ட் நின்றிருக்கிறது, அல்லது சிஸ்டம் அப்படியே உறைந்துபோய் யாரோ பிடுங்கி ஆன் செய்திருக்கிறார்கள். வேறு எண் இருந்தால் அது நீலத் திரை, அதாவது விண்டோஸே பிழை கண்டு நின்றுபோனது. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

கடைசியாக, பயாஸ் சோதனை. பயாஸ் என்பது விண்டோஸ் ஏறும் முன் போர்டே காட்டும் செட்டிங்ஸ் திரை. ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸ் திரைக்குள் போய், அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயே அணைந்துவிட்டால் விண்டோஸுக்கு இதில் சம்பந்தமே இல்லை. ‘ஃபார்மேட் பண்ணிப் பார்ப்போம்’ என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## கரண்ட் போய் வரும்போது, அல்லது வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது அணைகிறது

நம்மூர் வீடுகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ‘யூபிஎஸ் இருக்கே, அது எப்படி அணையும்?’ என்று இதை நம்பவும் மாட்டார்கள். யூபிஎஸ் இருப்பது வேறு, அதனுள் பேட்டரி உயிரோடு இருப்பது வேறு. பேட்டரி செத்த யூபிஎஸ், கரண்ட் இருக்கும்வரை பச்சை லைட்டோடு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் கண்ணிமைக்கும் நேரம் போனாலும் சிஸ்டத்தைக் கைவிட்டுவிடும். அந்த நொடியில் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், டியூப்லைட் ஒரு துடி துடித்து நிற்கும். வீட்டில் யாரும் கரண்ட் போனதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால்தான் ‘சும்மா இருக்கும்போதே அணையுது’ என்கிறார்கள்.

முதலில் யூபிஎஸ்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில மாடல்களில் எல்லா பிளக் பாயின்டுக்கும் பேட்டரி பேக்கப் கிடையாது; ஒன்றிரண்டு சர்ஜ் பாதுகாப்புக்கு மட்டும். சிஸ்டம் அதில் சொருகப்பட்டிருந்தால் மாற்றிச் சொருகுங்கள்.

அடுத்து, அதில் வேறு என்னென்ன மாட்டியிருக்கிறது? 600 விஏ என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது. பிரிண்டரின் உள்ளே ஹீட்டர் சூடாகும் அந்தச் சில விநாடிகளில் அது ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். ‘பிரிண்ட் கொடுத்தா சிஸ்டம் ஆஃப் ஆகுது’ என்பதன் கதை இதுதான். பிரிண்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

இப்போது பேட்டரி. சிஸ்டத்தைக் கழற்றிவிட்டு, யூபிஎஸ்ஸில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி எரியவிடுங்கள். எல்இடி பல்பு உதவாது, அது இழுக்கும் கரண்ட் போதாது. சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பல்பு உடனே அணைந்தாலோ ஒரு நிமிடத்துக்குள் மங்கினாலோ பேட்டரி முடிந்தது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் சிஸ்டத்தையே பயாஸ் திரையில் வைத்து இதே சோதனையைச் செய்யலாம். விண்டோஸ் ஓடும்போது செய்யாதீர்கள், ஃபைல் கெடும்.

மல்டிமீட்டர் இருந்தால், இரவு முழுக்க சார்ஜ் ஆன பேட்டரியைக் கழற்றி அளந்து பாருங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12-க்குக் கீழே என்றால், அல்லது பக்கவாட்டில் உப்பியிருந்தால், மாற்ற வேண்டியதுதான். வீட்டு யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி. இரண்டு மூன்று வருடம் உழைத்தால் அதுவே நல்ல ஆயுள். முழு யூபிஎஸ் வாங்கத் தேவையில்லை, பேட்டரி மட்டும் கிடைக்கும். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கொஞ்சம் கழிப்பார்கள். யூபிஎஸ்ஸை அணைத்து, சுவரிலிருந்தும் கழற்றிவிட்டு மாற்றுங்கள். சிவப்பு வயர் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் கை வைக்காதீர்கள்.

யூபிஎஸ் இல்லாமல் வீட்டு இன்வெர்ட்டரிலேயே சிஸ்டம் ஓடுகிறதா? இன்வெர்ட்டரின் முன்னாலோ பின்னாலோ ‘யூபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ என்றும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பொருத்த வந்தவர் நார்மலில் விட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த மோடில் மெயின் லைனிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் அதிகம். ஃபேனும் லைட்டும் பொறுத்துக்கொள்ளும், கம்ப்யூட்டர் பொறுக்காது. நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் 16 மில்லி விநாடி போலத் தாக்குப்பிடிக்கும். பழையதோ மட்டமானதோ அது கூடத் தாங்காது. ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும். பதிலுக்கு, லோ வோல்டேஜ் வரும்போதெல்லாம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவும். அந்தத் தொந்தரவைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றியும் அணைந்தால், குறிப்பாக ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால், சிஸ்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன யூபிஎஸ் வைப்பது நல்லது.

இன்னொன்று: பயாஸில் ‘கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு செட்டிங் உண்டு. அது ‘பவர் ஆன்’ என்று இருந்தால், கரண்ட் ஒரு கணம் தடங்கும்போது சிஸ்டம் அணைந்து உடனே தானாக எழும்பும். ஒரே கோளாறு ஒரு வீட்டில் ஷட் டவுனாகவும் இன்னொரு வீட்டில் ரீஸ்டார்ட்டாகவும் தெரிவது இதனால்தான். குழம்ப வேண்டாம்.

மோட்டார் போடும்போது, ஃப்ரிட்ஜ் எழும்பும்போது, ஏசி ஓடும்போது அணைகிறதென்றால் வோல்டேஜைப் பாருங்கள். 230 வர வேண்டிய இடத்தில் சாயங்காலம் 170, 180 என்று இறங்கும் தெருக்கள் உண்டு. சிஸ்டத்தை வேறு அறையின் பிளக்கில் ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேராகச் சுவரில். அங்கே அணையவில்லை என்றால் கோளாறு பழைய பிளக்கில். சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாளடைவில் தளர்ந்து, பிளக் ஆடிக்கொண்டே இருக்கும். அதை மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு ஐந்து நிமிட வேலை.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: வீட்டில் சில லைட் பளீரென்றும் சில லைட் மங்கலாகவும் எரிகிறது, ஃபேன் திடீரென்று வேகமெடுக்கிறது என்றால் நியூட்ரல் வயர் எங்கோ விட்டுப்போகிறது. அது கம்ப்யூட்டரை மட்டுமல்ல, வீட்டில் உள்ள டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் காலி செய்யும். மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கம்பத்தில் கோளாறு என்றால் தமிழ்நாடு மின்வாரியத்தின் மின்னகம் (புகார் மையம்) எண் 94987 94987.

## ஆன் செய்த சில விநாடிகளில் அணைகிறது

சரியாக நான்கைந்து விநாடியில் அணைகிறதா? பவர் பட்டனைச் சந்தேகியுங்கள். எந்த டெஸ்க்டாப்பிலும் பவர் பட்டனை 4 விநாடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். விலை குறைந்த கேபினெட்டுகளில் அந்தப் பட்டன் தூசியாலோ ஸ்பிரிங் தளர்ந்தோ உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நீங்கள் கையை எடுத்துவிட்டீர்கள், ஆனால் போர்டைப் பொறுத்தவரை இன்னும் யாரோ அழுத்திக்கொண்டிருக்கிறார்.

சோதனை எளிது. பக்கக் கதவைத் திறந்து, முன்பக்கத்திலிருந்து போர்டின் ஓரத்துக்கு வரும் மெல்லிய வயர்களில் ‘பவர் ஸ்விட்ச்’ என்று எழுதியதைக் கண்டுபிடியுங்கள். சிஸ்டத்தை ஆன் செய்த உடனே அதைப் பிடுங்கிவிடுங்கள். அணையாமல் ஓடினால் குற்றவாளி பட்டன்தான். ரீசெட் பட்டன் நன்றாக இருந்தால் அதன் வயரை பவர் ஸ்விட்ச் பின்னில் மாட்டிவிடுங்கள். இனி ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன். செலவு ஒரு பைசா இல்லை.

பதினைந்து விநாடியில் அணைகிறது, அதற்கு முன் திரையில் யூஎஸ்பி ஓவர் கரண்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு எச்சரிக்கை வருகிறது என்றால், அதை அப்படியே நம்புங்கள். எல்லா யூஎஸ்பி சாமானையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போதும் வந்தால் டார்ச் அடித்து முன்பக்க யூஎஸ்பி ஓட்டைகளைப் பாருங்கள். பென்டிரைவைத் தலைகீழாகத் திணித்து உள்ளே பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். முன்பக்க யூஎஸ்பியின் வயரை போர்டிலிருந்து கழற்றிவிட்டால் போதும், பின்பக்கத்தில் வேண்டிய அளவு ஓட்டை இருக்கிறது.

இவை இரண்டும் இல்லையென்றால், ப்ராசசர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அடுத்து, ப்ராசசருக்குப் பக்கத்தில் வரும் 4 பின் அல்லது 8 பின் பவர் வயரையும் 24 பின் பெரிய வயரையும் ஒருமுறை கழற்றி ‘க்ளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். வீட்டை மாற்றிய பிறகோ சிஸ்டத்தைத் தூக்கி வைத்த பிறகோ இந்தக் கோளாறு ஆரம்பித்திருந்தால் ப்ராசசரின் ஹீட்சிங்க் (அதன் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) ஒரு பக்கம் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

## கொஞ்ச நேரம் ஓடி, சூடான பின் அணைகிறது

கத்திரி வெயிலில் வரும் வழக்கு இது. காலையில் ஒரு மணி நேரம் ஓடும், மதியம் இருபது நிமிடம், அணைந்தவுடன் ஆன் செய்தால் ஐந்து நிமிடம். ஓடும் நேரம் இப்படிக் குறைந்துகொண்டே வந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம், சூடுதான். அணைவதற்கு முன் சிஸ்டம் மந்தமாவதும், ஃபேன் இரைவதும் கூடுதல் சாட்சி. ப்ராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். முடியாவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு ப்ராசசரின் வெப்பநிலையைப் பாருங்கள். பயாஸிலும் ஹார்டுவேர் மானிட்டர் என்ற இடத்தில் தெரியும். சும்மா இருக்கும்போது 40, 50 டிகிரி என்றால் நம்மூர் வெயிலுக்கு ஒன்றும் தப்பில்லை. வேலை கொடுத்தால் 80 பக்கம் போகலாம். ஒன்றும் செய்யாமலே 75, 80 என்று நின்றாலோ, யூடியூப் ஓட்டினாலே 95-ஐத் தாண்டினாலோ வேலை இருக்கிறது. இன்டெல் ப்ராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரியும், ஏஎம்டியின் ரைசனில் பலவற்றுக்கு 90, 95 டிகிரியும் எல்லை.

முதல் வைத்தியம் இடம் மாற்றுவது. கம்ப்யூட்டர் டேபிளில் கதவு வைத்த பெட்டிக்குள் கேபினெட்டைத் தள்ளி வைக்கிறோம். போதாக்குறைக்கு தூசி படாமல் இருக்கத் துணி உறை வேறு. வெளியே எடுத்து, பின்பக்கம் அரை அடி இடம் விட்டு, பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். அணைவது நின்றாலோ தள்ளிப்போனாலோ நோய் புரிந்துவிட்டது.

இரண்டாவது தூசி. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச கரண்டை வெளியேற்றிவிட்டு, கேபினெட்டை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோங்கள். ப்ளோயரைக் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள். ஊதும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் தறிகெட்டுச் சுற்றி பேரிங் போய்விடும். ஹீட்சிங்கின் மேல் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அலுமினியத் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துணி அளவுக்குப் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து மட்டும் ஊதுங்கள், திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம்.

மூன்றாவது, ஹீட்சிங்க் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா? இன்டெல் ப்ராசசரோடு வரும் வழக்கமான கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் கால் இருக்கும். ஒவ்வொன்றையும் லேசாக மேலே இழுத்துப் பாருங்கள். ஒன்று கையோடு வந்தால் அதுதான் வினை. மூன்று கால் பிடித்திருப்பதால் வெளியிலிருந்து பார்க்க நேராகத்தான் தெரியும், ஆனால் ஒரு பக்கம் மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். கழற்றுவதற்கு, தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுக்க வேண்டும். மாட்டும்போது தலைகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக இரண்டிரண்டாக அழுத்துங்கள். க்ளிக் சத்தம் நான்கு முறை கேட்க வேண்டும். போர்டின் அடிப்பக்கம் பார்க்க முடிந்தால் நான்கு கால்களும் ஓட்டைக்கு வெளியே விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கால் உடைந்திருந்தால் ஒட்டு வேலை செய்யாதீர்கள், வேறு கூலர் வாங்குங்கள்.

கூலரைக் கழற்றினால் ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டே ஆக வேண்டும். காய்ந்து வெடித்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள், போதும். அள்ளி அப்பினால் குளிர்ச்சி கூடாது. ரைசனின் ஏஎம்4 சாக்கெட் மாடலில் மட்டும் கூடுதல் கவனம்: பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டியிருக்கும், நேராகத் தூக்கினால் ப்ராசசரே பின்னோடு பிய்ந்து வரும். பத்து நிமிடம் சிஸ்டத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகிவிட்டுத் தூக்குங்கள். இதில் கை நடுங்குகிறவர்கள் கடையில் கொடுத்துவிடுங்கள். வளைந்த பின்னை நிமிர்த்துவதைவிட பேஸ்ட் போடும் கூலி மலிவு.

ப்ராசசர் குளிராகவே இருக்கிறது, ஆனாலும் நேரம் கழித்து அணைகிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் கையை வையுங்கள். காற்றே வரவில்லை, தகடு கை பொறுக்காத சூடு என்றால் அதன் ஃபேன் நின்றுவிட்டது. வேலை குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்தி வைக்கும் விலை உயர்ந்த மாடல்கள் உண்டு. அவை சூடானதும் சுற்றும். மற்றபடி எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

## கேம் அல்லது எடிட்டிங் போட்டால் மட்டும் அணைகிறது

சூடு இல்லை என்று மேலே பார்த்து உறுதி செய்துகொண்டீர்கள் என்றால், அடுத்தது எஸ்எம்பிஎஸ் திறன். பெட்டியின் மேல் 450 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள். பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அதிலிருந்துதான். 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 16 = 192 வாட், அவ்வளவுதான் உண்மை. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், மலிவு கேபினெட்டோடு சேர்ந்தே வரும் எஸ்எம்பிஎஸ்ஸை கிராஃபிக்ஸ் கார்டு வைத்த சிஸ்டத்துக்கு நம்பக்கூடாது என்பது என் கருத்து.

காசில்லாத சோதனை: கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் அதில் மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். அணையவே இல்லையென்றால் சந்தேகம் கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவே. கார்டுக்கு இரண்டு பவர் வயர் தேவைப்பட்டால் ஒரே வயரின் இரண்டு தலைகளை மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு வயர் கொடுங்கள்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள், கேம் ஓடும்போது ஹார்டு டிஸ்க் பவர் கனெக்டரில் மஞ்சள் வயரையும் கறுப்பு வயரையும் அளக்கலாம். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது அளந்து ‘12 வருது, எஸ்எம்பிஎஸ் நல்லாயிருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. சுமை ஏறும்போது சரிகிறதா என்பதுதான் கேள்வி. இதைவிட நம்பகமான வழி, நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாளுக்கு இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது.

வாங்கும்போது கார்டு தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். உதாரணத்துக்கு, ஆர்டிஎக்ஸ் 3060-க்கு என்விடியா சொல்வது 550 வாட், 3080-க்கு 750. ஆஃபீஸிலிருந்து ஓய்வு பெற்று வந்த செகண்ட் ஹேண்ட் சிஸ்டத்தில் கார்டு மாட்டியிருந்தால் வாங்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அவற்றில் சிலவற்றின் எஸ்எம்பிஎஸ் வடிவமும் கனெக்டரும் தனி ரகம். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது.

## நீலத் திரை காட்டிவிட்டு, அல்லது காட்டாமலே ரீஸ்டார்ட் ஆகிறது

விண்டோஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்ற டிக் இயல்பாகவே போட்டிருக்கும். அதனால் நீலத் திரை வந்ததே தெரியாமல் சிஸ்டம் திரும்ப எழும்பும். ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ போய், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’யில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராம். கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இதை அவ்வப்போது செய்ய வேண்டிவரும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை இரவில் ஓடவிடலாம். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை வேகமாக ஓட்டும் செட்டிங்) போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகும் வந்தால் சமீபத்தில் போட்ட டிரைவரையும் மென்பொருளையும் நீக்குங்கள், ஹார்டு டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதியுங்கள். விண்டோஸை மறுபடி போடுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

## எந்த ஒழுங்கும் இல்லாமல் அணைகிறது

சில நாள் பத்து மணி நேரம் ஓடும், சில நாள் பத்து நிமிடம். சூடு இல்லை, சுமை இல்லை, கரண்டும் நன்றாக இருக்கிறது. பொறுமையைச் சோதிக்கும் ரகம் இது.

கேபினெட்டை லேசாகத் தட்டினாலோ மேசை ஆடினாலோ அணைகிறதா என்று பாருங்கள். ஆமென்றால் லூஸ் கான்டாக்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் சொருகும் பவர் கார்டை வேறொன்று மாற்றுங்கள். மானிட்டருக்கு வரும் கார்டே பெரும்பாலும் பொருந்தும். 24 பின் கனெக்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். ஏதாவது ஒரு ஓட்டை மட்டும் பழுப்பேறியோ உருகியோ இருந்தால் அங்கே பொறி பறந்திருக்கிறது. சிஸ்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேபினெட்டுக்குள் கழன்று விழுந்த ஸ்க்ரூ போர்டின் அடியில் உருண்டு கிடக்கிறதா? எறும்பு, கரப்பான் குடியிருக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் பின் ஓட்டை வழியாகப் பல்லி உள்ளே போய்க் கருகுவது நம்மூரில் அதிசயமே இல்லை, நாற்றமே காட்டிக்கொடுக்கும். பின்பக்கம் மூடாமல் விட்ட கார்டு இடுக்குகளைத் தகடு போட்டு அடையுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதென்றால் எர்த்திங் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் தகட்டில் நிற்கிறது. இதற்கு எலக்ட்ரீஷியன்தான். மூன்றாவது பின்னை உடைத்த பிளக்கையும் இரண்டு பின் அடாப்டரையும் தூக்கி எறியுங்கள்.

போர்டில் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் குட்டி டப்பா வடிவ கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. ஜி31, ஜி41, எச்61 காலத்துப் போர்டுகளில் இன்னும் பார்க்கலாம். சாலிடர் வேலை தெரிந்தவர் மாற்றித் தருவார், ஆனால் அவ்வளவு பழைய போர்டுக்குச் செலவு செய்வது தேவையா என்று ஒரு கணக்குப் போடுங்கள்.

போர்டில் தேதி, நேரத்தைக் காக்கும் சீமாஸ் பேட்டரியை மாற்றினால் சரியாகும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேதியும் நேரமும் பழையபடி மாறிவிடுகிறது என்றால் மாற்றுங்கள், சின்ன நாணய அளவு பேட்டரி, விலையும் சொற்பம். ஓடும் சிஸ்டம் அணைவதற்கு அது காரணம் ஆகாது.

## அணைந்த பின் ஆன் ஆகவே மாட்டேன் என்கிறது

பவர் கார்டைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்துச் சொருகினால்தான் எழும்புகிறதா? எஸ்எம்பிஎஸ் ஏதோ ஷார்ட்டைப் பார்த்துத் தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஹார்டு டிஸ்க், கார்டு, முன்பக்க யூஎஸ்பி, கூடுதல் ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு, ப்ராசசர், ஒரு ராம் மட்டும் வைத்து ஓட்டுங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்தபோது அணைகிறதோ அதுதான். ஒன்றும் இல்லாமலும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பாருங்கள், அதற்கும் அணைந்தால்தான் போர்டு. போர்டு என்ற வார்த்தை நியாயமாக வர வேண்டிய இடம் இது.

துளி உயிரும் இல்லையா? எஸ்எம்பிஎஸ்ஸை போர்டிலிருந்தும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்த பிறகு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் செத்தது. சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை, உயிர் இருக்கிறது என்று மட்டும்தான். எல்லா வயரும் கறுப்பாக வரும் புது மாடலில் இதை முயலாதீர்கள். கடையில் அதற்கென்று டெஸ்டர் இருக்கும். கருகிய வாடையோ புகையோ வந்திருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், மறுபடி ஆன் செய்யவே செய்யாதீர்கள்.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

சிஸ்டம் எழும்பும் நிலையில் இருந்தால் முக்கியமான ஃபைல்களை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். திடீர் திடீரென்று அணைவதில் முதலில் அடிவாங்குவது ஹார்டு டிஸ்க். எழும்பாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். கரண்ட் கோளாறு பார்க்க அது தேவையில்லை.

யூபிஎஸ்ஸையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போங்கள். வீட்டில் அணையும் சிஸ்டம் கடையில் நாள் முழுக்க ஓடுவதும், ‘ஒண்ணும் இல்ல சார்’ என்று திருப்பிக் கொடுப்பதும், வீட்டுக்கு வந்ததும் அணைவதும் பெரும்பாலும் யூபிஎஸ்ஸை வீட்டில் விட்டுவிட்டு வந்ததால்தான். மேலே சொன்னதில் எதையெல்லாம் செய்து பார்த்தீர்கள், எது மாறியது, எது மாறவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதை மாற்றினாலும் பழைய சாமானைக் கையில் கொடுக்கும்படி வேலை ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.